ஜுனூனும், மூன்று காஷ்மீர்ப் பிள்ளைகளும், 38 செக்கன் வீடியோவும்

நீளமான பதிவு. இஷா முடிந்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வாசிக்காமலே கொமென்ட் போடுகிறவர்களுக்கு இந்தமுறை பதில் எழுத மாட்டோம்.

"நாங்கள்" என்று எழுதுவது மரியாதைக்காக இல்லை. உண்மையிலேயே மூன்று பேர். மூவரும் ஆசிரியைகள், ஒரே கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். ஒருத்தி 1990 ஒக்டோபரில் உம்மாவின் இடுப்பில் இருந்தபடி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய கைக்குழந்தை. மற்ற இருவரும் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பிறந்தவர்கள். இப்போது இரண்டு பேர் சோனகதெருப் பக்கம் திரும்பி வந்துவிட்டோம், ஒருத்தி இன்னும் தில்லையடியில் இருக்கிறாள். எழுதி, வட்ஸ்அப்பில் மாற்றி மாற்றித் திருத்தி, ஒருவரின் கணக்கில் போடுகிறோம். அவ்வளவுதான்.

போன கிழமை ஒரு பாட்டுக் குழுவின் வீடியோவை நாங்கள் பகிர்ந்தபோது ஒரு நானா கேட்டிருந்தார்: "டீச்சர்மாரே, உங்களுக்கு என்ன நடந்தது?" ஒன்றும் நடக்கவில்லை நானா. பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக இப்படித்தான் இருக்கிறோம். நாங்கள் றொக் இசைப் பைத்தியங்கள். பைத்தியம் என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறோம், ஏனென்றால் எங்கட முதல் குழுவின் பெயரே அதுதான்.

ஜுனூன். மஜ்னூன் என்ற சொல் வரும் அதே அரபு வேரில் இருந்து வருவது. பாகிஸ்தான் லாகூரில் 1990இல் சல்மான் அஹ்மத் தொடங்கிய குழு. எங்கட ஊர் எங்களுக்கு இல்லாமல் போன வருடமும் 1990. அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனாலும் இருபத்திரண்டு வயதில் இப்படியான பொருத்தங்கள் பெரிய விசயமாகத் தெரியும். சல்மான் அஹ்மத் வைத்தியத்துக்குப் படித்த ஆள். மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த பிள்ளை கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டில் என்ன கதை நடந்திருக்கும் என்பதை எங்கட உம்மாமாரை வைத்துக் கற்பனை செய்து நாங்கள் சிரித்த இரவுகள் பல. அவர்கள் புல்லே ஷாவின் சூஃபிப் பாடல்களையும் அல்லாமா இக்பாலின் கவிதைகளையும் எடுத்து, தபேலாவையும் மின்கிற்றாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். சூஃபி றொக் என்று பெயர் வந்தது. 1997இல் 'ஆஸாதி' என்ற இசைத்தட்டு வந்த பிறகு இந்தியாவிலும் பிடித்துக்கொண்டது. அதற்கு முதலே, ஊழல் அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்த அவர்களது பாடல் ஒன்றைப் பாகிஸ்தான் அரச தொலைக்காட்சி தடைசெய்திருந்தது.

எங்களுக்கு இது வந்து சேர்ந்தது 2012இல், ஒரு மெமரி சிப்பில். ஒருத்தியின் நானா சவூதியில் வேலை செய்தவர், அங்கே ஒரு பாகிஸ்தான்காரரிடம் வாங்கிய பாட்டுகளோடு விடுமுறையில் வந்தார். விடுதியில் மூன்று பேருக்கும் ஒரு நல்ல போன், ஒரு சோடி இயர்போன். ஆளுக்கொரு காதில் மாட்டினால் மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். அதில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தோம்: இடது காதில் கேட்கிற கிற்றார் வேறு, வலது காதில் கேட்கிற கிற்றார் வேறு. ஒரே பாட்டை இரண்டு பேர் கேட்டுவிட்டு இரண்டு விதமாகச் சண்டை பிடித்தோம். பேஸ் என்ற தடித்த நரம்புக் கிற்றார் என்ன செய்கிறது என்று விளங்க இரண்டு மாதம் எடுத்தது. அது தனியாகக் கேட்காது. அது நின்றுவிட்டால்தான் அது இருந்தது தெரியும். வீட்டில் உம்மாமார் மாதிரி என்று ஒருத்தி சொன்னாள். மற்ற இருவரும் அவளுக்குத் தலையணையால் அடித்தோம்.

உருது எங்களுக்குத் தெரியாது. ஆனால் குர்ஆன் மத்ரஸாவில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள், அரபுத்தமிழ் வாசித்த உம்மம்மாக்களின் பேத்திகள். எழுத்து கொஞ்சம் பிடிபடும், அரபுச் சொற்கள் ஆங்காங்கே முகம் காட்டும். மீதியை முகநூலில் இருந்த இரசிகர்கள் சொல்லித் தந்தார்கள். லாகூர், டாக்கா, கொழும்பு, சென்னை என்று எங்கெங்கோ இருந்தவர்கள். முகம் தெரியாத ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று நினைக்கிறோம், ஒவ்வொரு வரியையும் சொல்லுக்குச் சொல் பிரித்து, அந்தச் சொல் எந்தக் கவிஞரிடம் இருந்து வந்தது என்று எழுதுவார். எங்கட கல்லூரியில் மொழி கற்பித்தல் முறை என்று ஒரு பாடம் இருந்தது. அந்தப் பாடத்தில் படித்ததைவிட அவரிடம் படித்தது கூட. நோன்பு காலத்தில் அந்தக் குழுவில் யாரும் பாட்டுப் போட மாட்டார்கள், ஸஹருக்கு என்ன சமைத்தோம் என்றுதான் கதை போகும். பெருநாளைக்கு முதல் இரவு சரியாக ஒரு பாட்டு விழும்.

எங்கட வாப்பாமாருக்கு இது புதிது என்று நினைக்க வேண்டாம். கண்ணன் கோஷ்டி என்று சொல்லிப் பாருங்கள், அறுபது வயது கடந்த எங்கட ஊர் ஆம்பிளைகளின் முகம் மாறும். கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கோஷ்டி விடியவிடியப் பாடினால் எங்கட தெருப் பெடியன்களும் சைக்கிளில் போய் நின்று கேட்டிருக்கிறார்கள். பொப்பிசை என்று நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய காலத்தில் அதை இலங்கை வானொலியில் கேட்காத வீடு இருந்ததா? நேயர் விருப்பத்தில் பெயரும் ஊரும் வாசிப்பார்கள். ஒருவரை ஒருவர் காணாமலே, இன்ன ஊர் இன்னார் இந்தப் பாட்டு விரும்பி என்று நாடு முழுக்கத் தெரிந்திருந்தது. முகநூலில் நாங்கள் செய்ததும் அதுதான். முகாமில் வளர்ந்தபோது எங்களுக்கு வாய்த்தது நாகூர் ஹனிபாவின் குரல். மீலாத் மேடைக்கும், கலியாண வீட்டுக்கும், நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஒலிபெருக்கியில் அவர்தான். அந்தப் பாட்டுகளில் எத்தனை வாத்தியங்கள் முழங்குகின்றன என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, இனி அந்த மூன்று பிள்ளைகள்.

2008 மே மாதம் ஜுனூன் குழு காஷ்மீர் ஸ்ரீநகரில், தால் ஏரிக் கரையில் பாடியது. ஆயுதக் குழுக்களின் எதிர்ப்பையும் மீறி நடந்த நிகழ்ச்சி. அதன் வீடியோவைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான், 2012 டிசம்பர் கடைசியில், இரசிகர் குழுவில் யாரோ இன்னொரு ஸ்ரீநகர் வீடியோவைப் போட்டார்கள். பிரகாஷ் என்று ஒரு குழு. மூன்றே பேர், மூவரும் பெண் பிள்ளைகள், பத்தாம் வகுப்பு. ஒருத்தி பாடி கிற்றார் வாசிக்க, ஒருத்தி பேஸ், ஒருத்தி ட்ரம்ஸ். அந்த மாதம் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில் முதல்தடவையாக மேடையேறி, சிறந்த நிகழ்ச்சிக்கான பரிசையும் எடுத்திருந்தார்கள். அவர்களது பெயர்கள் அப்போது உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் வந்தன. நாங்கள் இங்கே எழுதவில்லை. அப்போது அவர்கள் எங்கட வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் வயது.

போனில் எடுத்த வீடியோ, சத்தம் கரகரவென்று இருந்தது. ட்ரம்ஸ் கொஞ்சம் முந்திப் போகிறது, பாடுகிற பிள்ளை அதை எட்டிப் பிடிக்கிறாள். குறை சொல்ல நிறைய இருந்தது. நாங்கள் அதை நூறு தடவை பார்த்திருப்போம். லாகூரின் ஜுனூனை ஆசையோடு பார்த்தோம், ஆனால் அவர்கள் மீசை தாடி வைத்த பெரிய ஆம்பிளைகள். இந்தப் பிள்ளைகளைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. மூன்று பேர், எங்களைப் போல. விடுதியில் உடனே பங்கு பிரித்தோம்: நீ ட்ரம்ஸ், நான் பேஸ். மேசையில் தட்டி, விடுதிப் பொறுப்பாளர் வந்து கதவைத் தட்டும் வரை நடந்தது.

ஒரு மாதம்தான். ஜனவரி கடைசியில் அந்தப் பிள்ளைகளின் முகநூல் பக்கத்தில் வசவு தொடங்கியது. நாங்கள் நேரே வாசித்தோம், இங்கே திரும்ப எழுத முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்து ஒரு மனிதன் என்னவெல்லாம் எழுதலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சிலரின் படத்தில் தாடியும் தொப்பியும், சிலரின் படத்தில் தங்கள் சொந்த மகளைத் தூக்கி வைத்திருக்கும் கோலம். 2013 பெப்ரவரி தொடக்கத்தில் காஷ்மீரின் தலைமை முஃப்தி, பிள்ளைகள் பாடுவது மார்க்கத்துக்கு விரோதம் என்று ஃபத்வா கொடுத்தார். முதலமைச்சர் ஒமர் அப்துல்லா பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பேசினார், மிரட்டியவர்கள் மேல் பொலிஸ் வழக்குப் போட்டது, சிலர் கைதானார்கள். அதெல்லாம் நடந்து முடிவதற்குள் பிள்ளைகள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். மேடையேறியது ஒரே ஒருதடவை. பாட்டை விட்டதற்குக் காரணம் கேட்ட பத்திரிகைக்காரர்களிடம், முஃப்தியின் கருத்தை மதிக்கிறோம் என்ற அளவில் சொல்லிவிட்டு ஒதுங்கினார்கள். பிரகாஷ் என்றால் வெளிச்சம்.

அந்த மாதம் எங்கட நாட்டில் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? அதே 2013 பெப்ரவரியில்தான் மகரகமவில் பொதுபலசேனாவின் கூட்டம் நடந்தது. ஹலால் இலச்சினை, அபாயா, பள்ளிவாசல் என்று ஒவ்வொன்றாக எங்கட மேல் விரல் நீட்டினார்கள். மார்ச்சில் ஜம்இய்யத்துல் உலமா ஹலால் இலச்சினையை விட்டுக்கொடுத்தது. கடைத்தெருவில் எங்கட பெண்கள் தலைகுனிந்து நடந்த காலம். அந்த நேரத்தில் நாங்கள் ஸ்ரீநகர்ப் பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தால், "வெளியில் இருந்து அடிக்கிறார்கள், இப்ப இதுவா கதை?" என்று கல்லூரியில் சிநேகிதிகளே கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் எங்களுக்கு இரண்டும் ஒரே போனில், ஒரே விரலின் கீழே ஓடிக்கொண்டிருந்தன: மேலே எங்கட அபாயாவைக் கழற்றச் சொல்கிறவன், கீழே ஸ்ரீநகர்ப் பிள்ளையை வீட்டுக்குள் போகச் சொல்கிறவன். இரண்டு பேரும் எழுதிய விதத்தில் பெரிய வித்தியாசத்தை நாங்கள் காணவில்லை.

மார்க்கம் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ஆலிமாக்கள் இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. இசைக்கருவிகள் கூடாது என்று சொல்லும் உலமாக்கள்தான் அதிகம், அதற்கு அவர்களிடம் ஹதீஸ் இருக்கிறது. அதை ஏற்றுப் பாட்டே கேட்காமல் வாழ்கிறவர்களை நாங்கள் மதிக்கிறோம், எங்கட வீடுகளிலேயே இருக்கிறார்கள். மறுபக்கம், பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் பாடியதும், அபூபக்ர் (ரழி) அவர்கள் அதட்டியதும், அவர்களை விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இசை கேட்பது பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். அவர் நரம்புக் கருவிகளையும் குழல்களையும் விலக்குகிறார், முரசுகளில் கூபா என்ற ஒரு வகையை விலக்குகிறார், மற்ற முரசுகளை விட்டுவைக்கிறார். இந்தக் கணக்குப்படி எங்கட கிற்றார் தோற்றுப்போகும், ட்ரம் தப்பிவிடும். அதை மறைக்காமல் சொல்கிறோம். ஆயிரம் வருடமாகப் பெரியவர்கள் நிதானமாகக் கதைத்து வந்த விசயம் இது. வொயிஸ் கிளிப்பில் ஒன்றரை நிமிடத்தில் தீர்கிற விசயம் இல்லை.

பிரகாஷுக்குப் பிறகு கொஞ்சக் காலம் எதையும் கேட்கவில்லை. படிப்பு முடிந்தது, கட்டுறுப் பயிற்சி, நியமனம், கலியாணம், பிள்ளைகள். சம்பளத்துக்கு முதல் கிழமை எப்படிப் போகும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகுதான் கரூத் பிள்ளைகள் வந்தார்கள்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் கரூத் என்ற மாவட்டம். அங்கே ஒரு கிராமத்து மத்ரஸாப் பாடசாலையில் படித்த மூன்று பிள்ளைகள் 2014இல் தொடங்கிய குழு, வொயிஸ் ஒஃப் பாசெப்ரொட். பாசெப்ரொட் என்றால் அவர்களது சுந்தா மொழியில் இரைச்சல், சளசளப்பு. ஃபிர்தா மர்ஸ்யா குர்னியா பாட்டும் கிற்றாரும், விதி ரஹ்மாவதி பேஸ், ஈயிஸ் சித்தி ஆயிஷா ட்ரம்ஸ். மூவரும் ஹிஜாபோடுதான் மேடையில் நிற்கிறார்கள். இசை மெட்டல், அதாவது றொக்கிலேயே கடும் காரம். வீட்டில் போட்டால் பூனை ஓடும். எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது, இவர்களுக்கு இதைக் காட்டியது அவர்களது பாடசாலை ஆசிரியர் ஒருவர் என்பதுதான். அவரது கணினியில் இருந்த பாட்டுகளைக் கேட்டுத்தான் பிள்ளைகள் தொடங்கினார்கள். அவர்களுக்கும் மிரட்டல் வந்தது, ஊரில் எதிர்ப்பு வந்தது. 2021இல் அவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பே, இசைக்க அனுமதி தரும்படி இறைவனிடம் கேட்பது. சண்டைக்குப் போகவில்லை பாருங்கள், துஆ கேட்டார்கள். 2024 ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாடினார்கள். அங்கே மேடையேறிய முதல் இந்தோனேசியக் குழு அவர்கள்தான். அன்றிரவு நாங்கள் மூவரும் மூன்று வீட்டில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துப் பார்த்தோம். தில்லையடிக்காரி அழுதாள், கேட்டால் டேட்டா முடிந்ததால் என்றாள்.

போன கிழமை நாங்கள் பகிர்ந்ததும் இவர்களது வீடியோதான். சும்மா பகிரவில்லை. காரணம் இனித்தான் வருகிறது.

எங்கட பிரதேசத்துப் பாடசாலை ஒன்றில் இந்த வருட இல்ல விளையாட்டுப் போட்டியில் பெண் பிள்ளைகளின் பாண்ட் அணி வந்தது. நீளக் கை, நீளக் காற்சட்டை, தலை மூடி, வழமையான சீருடை. முன்வரிசையில் சைட் ட்ரம் அடித்த ஒரு பிள்ளையை யாரோ போனில் எடுத்திருக்கிறார்கள். 38 செக்கன். அதற்கு மேல் ஒரு தலைப்பைப் போட்டு ஊர்க் குழுக்களில் விட்டார்கள். பிறகு ஒரு வொயிஸ் கிளிப், அதற்குப் பதில் கிளிப், அதற்குக் கீழே சிரிப்புக் குறிகள். பிள்ளையின் வாப்பா யார், எந்த ஒழுங்கையில் வீடு என்பது வரை எழுதிவிட்டார்கள். பிள்ளை பத்தாம் தரம்.

அந்த வீடியோவை நாங்கள் ஆசிரியைகளாகவும் பார்த்தோம், பைத்தியங்களாகவும் பார்த்தோம். அந்தப் பிள்ளைக்குக் கை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவள் ஓரிடத்தில் பிசகிப் பிந்துகிறாள், இவள் அவளைப் பார்க்காமலே அரை அடி இழுத்துக் காத்திருந்து சேர்த்துக்கொள்கிறாள். அதை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எங்களில் ஒருத்தி பிள்ளையின் உம்மாவைப் போய்ச் சந்தித்தாள். "பயிற்சிக்கு அனுப்பவில்லை டீச்சர். ட்ரம்முக்காக இல்லை. ரியூசனுக்குப் போகும்போது பெடியன்கள் பின்னால் தாளம் போடுகிறார்களாம்" என்றார். உள்ளே அறையில் பிள்ளை இருந்தாள், வெளியே வரவில்லை.

2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தபோது எங்கட பெடியன்கள் எத்தனை பேர் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும், எங்கட தம்பிமாரும் போனார்கள். தடுப்புகள் உடைந்து பெரிய அமளியானதை அவர்களே படம் எடுத்துப் போட்டார்கள். அதற்கு வொயிஸ் கிளிப் வரவில்லை. அதே தம்பிமாரில் ஒருவன்தான் இந்த 38 செக்கனை எங்கட வீட்டு வட்ஸ்அப்புக்கும் அனுப்பினான். ஏன் அனுப்பினாய் என்று கேட்டால், "வந்தது, அனுப்பினேன்" என்கிறான். ஸ்ரீநகர்ப் பிள்ளைகளுக்கு எழுதியவர்களிடம் கேட்டிருந்தாலும் அநேகம் பேர் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மௌலவி ஒருவரிடமும் போய்க் கதைத்தோம். அவருக்கு இசை விருப்பமில்லை, நேரே சொன்னார். பெண் பிள்ளைகள் பாண்ட் அடிப்பதும் அவருக்குச் சரியாகப் படவில்லை, அதைப் பாடசாலையிடம் தான் முறையாகச் சொல்வேன் என்றார். ஆனால் பிள்ளையின் படத்தைச் சுற்றுக்கு விட்டது பாவம், அதை அழிக்கச் சொல்லி ஜும்ஆவுக்குப் பிறகு தானே அறிவிப்பதாகவும் சொன்னார். சொன்னபடி அறிவித்தார். அல்ஹம்துலில்லாஹ். எங்களோடு முழுக்க ஒத்துப்போகாத ஒருவர் இதைச் செய்ததால்தான் பாதிக் குழுக்களில் அது நீங்கியது.

மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. யாருடைய போனில் இருந்தாலும் அழித்துவிடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் எங்கட சொந்தங்களும். லண்டன் குழு ஒன்றில் நேற்றும் ஓடியதாகக் கேள்வி. தயவுசெய்து கீழே கொமென்டில் "எந்தப் பிள்ளை" என்று கேட்காதீர்கள், கேட்டால் நீக்குவோம். பாண்ட் வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் பாடசாலை அபிவிருத்திக் குழுவுக்கு எழுதிக் கொடுக்கலாம், அதற்கு ஒரு முறை இருக்கிறது. வேண்டும் என்று நினைப்பவர்களும் எழுதிக் கொடுங்கள், அவர்கள்தான் எப்போதும் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

பிள்ளை போன செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்ததாக அங்கே படிப்பிக்கும் சிநேகிதி சொன்னாள். முன்வரிசையில் நிற்கவில்லை, கடைசியில் நின்றாளாம். அணியில் ஒரு சைட் ட்ரம்மின் தோல் கிழிந்து கிடக்கிறது, குச்சியும் இரண்டு சோடி தேவை. கொழும்பில் இருந்து நியாயமான விலைக்கு எடுத்துத் தரக்கூடியவர்கள், அல்லது யாழ்ப்பாணத்திலேயே தோல் மாற்றும் ஆளைத் தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். செலவில் ஒரு பங்கை நாங்கள் மூவரும் போடுகிறோம்.